தோணுது டீச்சர்

"குழாயை எவ்வளவு உயரத்துல வைக்கட்டும்மா?" என்று கேட்டபடி பிளம்பர் சுவரில் பென்சிலை வைக்கிறார். டீச்சர் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்கிறார்.

பென்சில் நின்றுவிடுகிறது. பிளம்பரின் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. மற்ற வீடுகளில் கையை நீட்டிக் காட்டுவார்கள், அவர் வைப்பார், வைத்த பிறகு அவர்களே தப்பு என்பார்கள். இங்கே யாரும் கையை நீட்டுவதாகக் காணோம். அவர் சுவரைப் பார்க்கிறார், முழங்கையை மடக்கிப் பார்க்கிறார், கை கழுவுவதுபோல் காற்றில் ஒத்திகை பார்க்கிறார். டீச்சர் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, ஓரடி தள்ளித் தரையில் ஏதோ திருகாணி விழுந்துவிட்டதுபோல் அதையே பார்த்தபடி நிற்கிறார். கடைசியில் பிளம்பர் தன் மனதுக்குப் பட்ட உயரத்தில் குழாயை வைத்துவிட்டுப் போகிறார்.

பிளம்பர் குள்ளமானவர். அந்த வீட்டில் இன்றைக்கும் எல்லாரும் குனிந்துதான் கை கழுவுகிறார்கள். டீச்சருக்கு அதில் வருத்தமில்லை. "அவரா யோசிச்சு வச்ச குழாய் அது" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். விருந்தாளிகள் குனிந்தபடியே தலையாட்டுவார்கள்.

தோணுது டீச்சர் என்ற பெயரை வைத்தவர்கள் பிள்ளைகள். பரப்பியவர்கள் பெற்றோர்கள். இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களே உறைமேல் அப்படித்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அசல் பெயர் ஓய்வூதிய அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவர் எடுத்தது அறிவியல். எடுத்தார் என்பதைவிட எடுக்காமல் விட்டார் என்பதே பொருத்தம். நிழலைப் பற்றிய பாடம் வந்தால் வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கொடிக்கம்பத்தடியில் நிறுத்திவிட்டு, தான் போய் மர நிழலில் உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை, வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரத்தின் மறுகோடியில் இறக்கிவிட்டு, "இப்ப பள்ளிக்கூடத்துக்குப் போகணும். எப்படிப் போறது?" என்றார். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். டீச்சர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல் பின்னாலேயே நடந்தார். கூட்டம் வழி தவறி ஒரு சோப்புத் தொழிற்சாலைக்குள் நுழைந்து வெளியே வந்தபோதும் குடை தாழவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பள்ளி வாசலை அடைந்தால், அங்கே பெற்றோர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

"எங்கெங்க டீச்சர் இழுத்துட்டுப் போனீங்க?" என்று ஒரு தகப்பனார் எகிறினார்.

"நான் எங்கயும் இழுத்துட்டுப் போகல. உங்க பொண்ணுதான் கூட்டிட்டு வந்தா. அவளைக் கேளுங்க."

அந்தப் பெண் இன்றைக்குக் கப்பலில் மாலுமியாக இருக்கிறாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று டீச்சரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வட்டம்தான் எல்லாம். செய்து கற்போர் வட்டம் என்பது முழுப்பெயர். பாடத்தைச் சொல்லிக் கொடுக்காமல் செய்யவைத்துக் கற்பிக்கிற ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை, பழைய அச்சகம் ஒன்றின் மாடியில் கூடுகிறார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, நாற்காலிகளை வளையமாகப் போட்டு உட்காருவார்கள். சொல்லிக் கொடுத்த பாடம் பரீட்சை அறையின் வாசலிலேயே இறங்கிக்கொள்ளும், தானாகப் பட்டுத் தெரிந்துகொண்டது கடைசிவரை கூடவே வரும் என்பது அவர்கள் கட்சி. ஆகவே அங்கே அறிவுரை சொல்வது, கோயிலுக்குள் செருப்போடு போவதற்குச் சமம். யாராவது வாய்தவறி, "நீங்க இப்படிப் பண்ணியிருக்கலாமே" என்று ஆரம்பித்தால் வளையம் முழுவதும் ஒரு தொண்டைச் செருமல் ஓடும். ஆரம்பித்தவர் அதை அவசர அவசரமாக ஒரு கேள்வியாக மாற்றிவிட்டு உட்காருவார். எந்தக் காரியம் முடிந்தாலும் மூன்றே கேள்விகள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த தடவை என்ன செய்யப்போகிறோம்.

இந்த மூன்றையும் டீச்சர் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி கேட்டது வட்டத்தில் புராணமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரு முகாம். பிளாஸ்டிக் பீப்பாய்களும் கயிறும் கொடுத்துத் தெப்பம் கட்டச் சொன்னார்கள். நடத்தியவர் தெப்பம் சார், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கட்டி முடித்ததும் டீச்சர்தான் முதலில் ஏறி, நடுவில், கைப்பையோடு, பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தவர்போல உட்கார்ந்தார். ஏரியின் பாதியில் பீப்பாய்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பிப் போய்விட்டன. எல்லாரும் தண்ணீரில். டீச்சர் கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, "என்ன நடந்தது?" என்றார்.

"டீச்சர், முதல்ல கரைக்குப் போயிடலாமா?" என்றார் ஒருவர், பல் தந்தியடிக்க.

"உங்களுக்கு அப்படித் தோணுதா?"

முடிச்சுகள் தொளதொளவென்று இருந்தது அவருக்கு முன்பே தெரியாதா என்று பிறகு தெப்பம் சார் தனியாகக் கேட்டார். "ஏறும்போதே தெரியும் சார். அதான் போனைக் கரையிலேயே வச்சுட்டு ஏறினேன்" என்றார் டீச்சர்.

இப்பேர்ப்பட்டவரைப் பார்த்து ஒரு பரம்பரையே உருவாகிவிட்டதில் வியப்பில்லை. வட்டத்துக்கு வருகிற இளம் ஆசிரியர்கள் அவருடைய கேள்வியை மட்டுமல்ல, கேட்ட பிறகு காக்கிற மௌனத்தையும், அந்த உதடு மடிப்பையும், தரையில் திருகாணி தேடும் பார்வையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர், எங்கே இறங்கணும் என்று கேட்ட பேருந்து நடத்துநரிடமே இதைப் பிரயோகித்ததாகவும், நடத்துநர் தனக்குத் தோன்றிய இடத்தில் அவரை இறக்கிவிட்டதாகவும் கேள்வி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதில் தெரியாதவர்கள் கேள்வி கேட்டுத் தப்பிப்பது உண்டு. டீச்சர் அந்த ரகம் இல்லை. அவருக்குப் பதில்கள் தெரியும். சரியான, சுருக்கமான, கறாரான பதில்கள். அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறார். விழுங்கியவை எங்கேயாவது போய்த்தானே தீர வேண்டும். அவை தொலைக்காட்சிக்குப் போகின்றன. சாயங்காலமானால் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தொடர் நாடகத்து மருமகளுக்கு வழிகாட்ட ஆரம்பித்துவிடுவார். "அந்தக் கதவைத் திறக்காதடி. அவன் உள்ளதான் நிக்கிறான்." "படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாத." வானிலை அறிக்கை வாசிப்பவரையும் விடமாட்டார். "குடை எடுத்துட்டுப் போங்கன்னு நேரா சொல்லேன்யா. இதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கிற?"

அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இப்ப? இது தெளிவா, முன்ன இருந்தது தெளிவா?" என்று கேட்டுப் பிழைப்பவர். கேட்டே பழகிய இரண்டு பேர் ஒரு வீட்டில் குடித்தனம் நடத்தினால் எப்படியிருக்கும் என்பதற்கு அவர்களுடைய சாப்பாட்டு மேசை சாட்சி.

"சாப்பிடலாமா?"

"உங்களுக்குப் பசிக்குதா?"

"ஏன், உனக்குப் பசிக்கலையா?"

"மணி என்ன ஆச்சு?"

"உன் கையில கடிகாரம் இல்லையா?"

குழம்பு ஆறிவிடும். ஆனால் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஒரே மகனும் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அந்த வீட்டில் கேள்விகள் சுவரில் மோதித் திரும்ப நிறைய இடம் இருந்தது. மகனுடைய அறை காலியாகக் கிடந்தது.

டீச்சருக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அதே ஊரில், பேருந்தில் போனால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கிற தூரத்தில், ஒரு மாடிப் போர்ஷனில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். பிள்ளைகள் இல்லை. லிப்ட் மெக்கானிக்காக இருந்த புருஷன் போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்தப் பதினாறாம் நாள் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய டீச்சர், நேராக மகனுடைய அறைக்குள் போய் அளவு நாடாவை எடுத்து ஜன்னலோரத்தை அளந்தார். தையல் மெஷின் அங்கே வைத்தால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும். எல்லாம் முடிவாகிவிட்டது. சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதை மட்டும் அவர் செய்யவில்லை. தங்கையாகவே அந்த இடத்துக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். பிள்ளைகளை நகரத்தின் மறுகோடியில் இறக்கிவிட்டு, குடைக்குப் பின்னால் நடந்த அதே பொறுமையோடு.

தங்கை வந்து சேரவும் செய்தாள். ஒருநாள் காலையில் போன் வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப்போறாராம்." குரல் தாழ்ந்தது. "நான் உன் வீட்டுக்கு வந்து இருந்துக்கட்டுமா?"

டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தார். வா என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்கு என்று ஒரு பழக்கம் இருக்கிறதே.

"உனக்கு என்ன தோணுது?"

சொல்லிவிட்டு, உதடுகளை மடித்துக்கொண்டு காத்திருந்தார். போனில் உதடு மடிப்பது தெரியாது. அதில் இருக்கும் கனிவும் தெரியாது. அந்தப் பக்கத்தில் வெறும் மௌனம்தான் போய்ச் சேர்ந்தது.

"இல்லக்கா. சும்மாதான் கேட்டேன்" என்றாள் தங்கை. "அடுப்புல பால் வச்சிருக்கேன். பொங்கிடும்."

டீச்சர் போனை வைத்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பினார். "யோசிக்க ஆரம்பிச்சுட்டா" என்றார்.

"யாரு?" என்றார் கணவர்.

"என் தங்கச்சி. இங்க வந்து இருக்கறதைப் பத்தி."

"நீ வான்னு சொல்லிட்டியா?"

"அவளா சொல்லட்டும்னு விட்டிருக்கேன்."

கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது தெளிவாக இருக்கிறதா, முன்பு இருந்தது தெளிவா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்க வேண்டும். பிறகு கடைக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைதான் வட்டத்தில் மூத்தோர் அமர்வு. மூத்த ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தில் கண்ட ஞானத்தை எல்லாருக்கும் வழங்குவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். ஞானத்தை வாயால் வழங்க முடியாது என்று ஆயுசு முழுக்கச் சாதித்தவர்களை அழைத்து, அதை வாயால் வழங்குங்கள் என்பது எப்படி நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கணவர் குனிந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நேத்து உன் தங்கச்சி கடைக்கு வந்தா. கண்ணாடிக் காம்புக்கு ஸ்க்ரூ மாட்ட."

"நல்லா இருக்காளா?"

"இன்னைக்குச் சாயங்காலம் கிளம்பறாளாம். அவ வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டுக்கு. சாமான் ஏத்த வண்டி சொல்லியாச்சு."

டீச்சர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றார். "அங்கயா? அந்த வீட்ல நாலு நாள் இருந்துட்டு வந்தாலே அவளுக்குத் தலைவலி வருமே. சமையல்லேர்ந்து அவங்க பேரப்பசங்களைக் குளிப்பாட்டறவரைக்கும் இவ தலையில கட்டிடுவாங்க."

"நானும் அதைத்தான் கேட்டேன். ஏம்மா, அக்கா வீடு இருக்கேன்னு." கணவர் துண்டில் கையைத் துடைத்தார். "'அக்காகிட்ட கேட்டேன் அத்தான். மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மனசு வராம, என்னையே திருப்பிக் கேட்டுட்டா'ன்னு சொன்னா."

"நான் வேணாம்னா சொன்னேன்?"

"வான்னு சொன்னியா?"

அந்த வீட்டில் கேள்விகளின் சங்கிலி அங்கே அறுந்தது. டீச்சர் போனை எடுத்துத் தங்கையை அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

நேராகத் தங்கை வீட்டுக்கே போயிருக்கலாம். ஆனால் போய் என்ன சொல்வது? குடும்பத்தில் ஒருத்தரை வா என்று நேராகக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. ஒரு தடவை வேண்டாம் என்று கேட்டுவிட்ட காதில் இப்போது எந்த வார்த்தையைப் போட்டால் ஏறும்? வழியில்தான் வட்டம். மனிதர்களோடு பழகுவதே தொழிலான அத்தனை பேர் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று மாடியேறினார்.

அமர்வு ஆரம்பமாகியிருந்தது. தெப்பம் சார் எழுந்து, "எனக்குப் பேச்சு வராது. எல்லாரும் பக்கத்துல இருக்கறவர் கையைப் பின்னால கட்டுங்க" என்று கயிறு விநியோகித்துவிட்டார். கட்டினார்கள், அவிழ்த்தார்கள். ஒரு கணக்கு வாத்தியாரின் முடிச்சு மட்டும் அவிழவில்லை. அவர் கட்டிய கையோடேயே மீதியைக் கேட்கச் சம்மதித்தார். பக்கத்திலிருந்தவர் அவருக்குத் தேநீரைப் புகட்டினார். அடுத்துத் தோட்டம் டீச்சர். "விதையைப் போட்டுட்டுத் தினம் தினம் தோண்டிப் பாக்காதீங்க. எங்க பள்ளிக்கூடத்துல அப்படிப் பார்த்துப் பார்த்து பாதி வகுப்பு செத்துப்போச்சு" என்றவர், எல்லாரும் நிமிர்ந்து பார்த்ததும், "செடிங்கதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு தோணுது டீச்சர். வளையத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. வட்டத்தின் செயலாளர், எந்நேரமும் ஸ்கெட்ச் பேனாக்களோடு திரியும் இளம் பயிற்சியாளர், நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் இன்னைக்கு எதுவும் சொல்ல வரல. கேக்க வந்திருக்கேன்" என்றார் டீச்சர். எல்லார் முகத்திலும் புன்னகை. இதற்காகத்தானே வந்தார்கள்.

"என் தங்கச்சி தனியா இருக்கா. என் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமான்னு கேட்டா. நான் உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டுட்டேன். அவ அதை வேணாம்னு எடுத்துக்கிட்டா. இன்னைக்குச் சாயங்காலம் பிடிக்காத ஒரு இடத்துக்குக் கிளம்பறா. இப்ப நான் போய் அவகிட்ட என்ன சொல்லணும்? எப்படிச் சொல்லணும்? யாராவது சொல்லுங்க."

டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. அத்தனை கண்களும் ஓரடி தள்ளித் தரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தன. கை கட்டப்பட்டிருந்த கணக்கு வாத்தியார்கூடத் தலையைச் சரியான கோணத்தில் தாழ்த்தியிருந்தார். வெகுநேரம் கழித்து, செயலாளர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குழைவான குரலில் கேட்டார்.

"உங்களுக்கு என்ன தோணுது டீச்சர்?"

டீச்சர் அந்தக் கேள்வியைக் கணக்கில்லாமல் கொடுத்திருக்கிறார். வாங்கியது இதுதான் முதல் தடவை. அவசரத்துக்கு ஒரு கதவைத் தட்டினால், திறக்காமல் உள்ளேயிருந்தும் யாரோ தட்டுவதுபோல் இருந்தது.

"இல்ல தம்பி. நான் நிஜமாவே கேக்கறேன்."

"ம்ம்." செயலாளரின் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. "அந்த 'நிஜமாவே' எங்கேர்ந்து வருது டீச்சர்?"

டீச்சர் தெப்பம் சாரைப் பார்த்தார். எத்தனை வருஷத்துக் கூட்டாளி. அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே மடிந்துகொண்டது.

"நீங்களுமா சார்?"

"பழக்கம் டீச்சர்" என்றார் அவர் பரிதாபமாக.

டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு, மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் வெளியே நடந்தார். பாதிப் படி இறங்கும்போது மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. கணக்கு வாத்தியாரைத் தவிர எல்லாரும் தட்டினார்கள். இப்படி ஓர் அமர்வை வாழ்நாளில் கண்டதில்லை என்று செயலாளர் கண்கலங்கினாராம். பிறகு குழு குழுவாக உட்கார்ந்து, பெரிய தாள்களில் வண்ண வண்ணமாக, என்ன நடந்தது ஏன் நடந்தது என்று எழுதினார்கள். அந்தத் தங்கை என்பது உண்மையில் நம்முடைய மாணவர்களைத்தான் குறிக்கிறது என்று ஒரு குழு கண்டுபிடித்தது.

தங்கையின் வீட்டு வாசலில் சின்ன லாரி நின்றிருந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி வெட்டும் மேசையும் மெஷினும் நீங்கலாக எல்லாம் அட்டைப்பெட்டிகளுக்குள் போயிருந்தன.

"வாக்கா. உக்காரு" என்றாள் தங்கை. "வழியனுப்ப வந்தியா?" குரலில் வழக்கத்தைவிட மரியாதை கூடுதலாக இருந்தது.

"ஏன்டி, நீ..." என்று ஆரம்பித்த டீச்சர் நிறுத்திக்கொண்டார். நாக்கு நுனிவரை வந்துவிட்ட கேள்வியை மென்று விழுங்கினார். பதில்களை விழுங்கியே பழகியவருக்கு இது புதிது. தொண்டையில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"நீ அங்க போகாத" என்றார். "என் வீட்டுக்கு வா."

தங்கை மெஷின் மேலிருந்த நூல்கண்டுகளை எடுத்து ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தாள். "அத்தான் சொல்லி அனுப்பினாரா?"

"சொன்னார். அனுப்பல. நானாதான் வந்தேன்."

"பாவம்னு கூப்பிடாதக்கா. அங்கயும் மனுஷங்கதான் இருக்காங்க."

"பாவம்னு இல்ல."

"பின்ன அன்னைக்கு ஏன் சொல்லல? போனை எத்தனை தடவை எடுத்து எடுத்துக் கீழ வச்சேன் தெரியுமா? வெக்கத்தை விட்டுக் கேட்டா, என் கேள்வியை எனக்கே திருப்பி அனுப்பற. நான் என்ன உன் வகுப்புப் பிள்ளையா?" நூல்கண்டு ஒன்று கைதவறி உருண்டது. அவள் எடுக்கவில்லை. "எனக்குத் தோணறது இருக்கட்டும். உனக்கு என்ன தோணுதுன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

டீச்சர் குனிந்து, உருண்ட நூல்கண்டை எடுத்து டப்பாவில் போட்டார்.

"சரி, இப்பக் கேக்கறேன்" என்றாள் தங்கை. "நான் வந்தா உனக்குத் தொந்தரவு இல்லையா?"

"தொந்தரவுதான்" என்றார் டீச்சர். "மெஷின் சத்தத்துல எனக்கு டிவி கேக்காது. உன் சமையல்ல உப்பு தூக்கும். மூணாவதா ஒரு ஆள் கிடைச்சா உங்க அத்தான் வாயை மூட மாட்டார்."

தங்கைக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "அப்புறம் எதுக்குக் கூப்பிடற?"

"நீ அங்க யாருக்கோ சமைச்சுப் போட்டுட்டு மூலையில படுத்திருந்தா, எனக்கு இங்க சோறு இறங்காது."

தங்கை மெஷினின் சக்கரத்தைச் சும்மா சுற்றினாள். "இதை எங்க வைப்பே?"

"ஜன்னலோரம். இடது பக்கத்துலேர்ந்து வெளிச்சம் விழும். அளந்துட்டேன்."

"எப்ப?"

"உன் வீட்டுக்காரர் காரியம் முடிஞ்ச அன்னைக்கே."

தங்கை சக்கரத்தை நிறுத்தினாள். "அன்னைக்கேவா? பின்ன இத்தனை நாளா வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னக்கா?"

அதற்கு டீச்சரிடம் பதில் இல்லை. விழுங்கி வைத்ததாகக்கூட ஒன்று இல்லை.

"ஏத்தலாமாம்மா?" என்று கீழேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்.

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி அக்காவைப் பார்த்தாள். "அவங்களுக்கு வரேன்னு சொல்லிட்டேனேக்கா" என்றாள். அதைச் சொன்ன விதத்தில் சம்மதமும் இருந்தது, மறுப்பும் இருந்தது. யாராவது ஒருத்தர் முடிவு செய்தால் தேவலை என்ற களைப்பும் இருந்தது.

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் மார்க்கர் பேனாவால் அந்த அண்ணன் வீட்டு விலாசம் எழுதியிருந்தது. வெட்டும் மேசையின் ஓரத்தில், துணியில் அளவுக் குறி போடும் தட்டையான வெள்ளைச் சாக்பீஸ் துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, முட்டியில் ஒரு கையை ஊன்றி முதல் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். விலாசத்தின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடாக இழுத்து அடித்தார். அதற்குக் கீழே, கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் தெரிகிற அளவில், தன் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். பிறகு அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.